ஊறாத பீன்ஸ்

மின்கம்பம் சாய்ந்து மூன்று நாள்.
கேஸ் சிலிண்டரைக் கரண்டியால் தட்டித் தட்டி
ஓசையை வைத்தே கணக்குப் போட்டேன்:
இன்னும் இரண்டு சமையல், போனால் மூன்று.
சிவப்பு பீன்ஸை நேற்றே ஊறப் போட்டிருக்கலாம்.
இரவெல்லாம் ஒழுகலுக்கு வாளி மாற்றியவளுக்கு
பீன்ஸ் நினைப்பு எங்கே வரும்?

ஆகவே பிரஷர் குக்கர்.

வெங்காயம், செலரி, குடைமிளகாய்.
அச்சஃபலாயாத் தண்ணீர் குடித்தவர்களுக்கு
இந்த மூன்றும்தான் பிதா, சுதன், பரிசுத்த ஆவி.
செலரி துவண்டு கிடந்தது, செத்த ஃப்ரிட்ஜில்.
பரவாயில்லை, பிதாவுக்கும் வயதாகும்.
பன்றிக்கொழுப்பில் மூவரையும் வதக்கி
பனி விட்டுக்கொண்டிருந்த ஆண்டூயித் தொத்திறைச்சியை
விரல்கனத்துக்கு வட்டம் வட்டமாய் நறுக்கிப் போட்டு
ஓரம் கருகியதும்
பன்றித்தொடை எலும்பு ஒன்று, பிரிஞ்சி இலை இரண்டு,
பூண்டு கையில் வந்தவரை.
பாதிப் பாத்திரத்துக்கு மேல் போகக்கூடாது;
பீன்ஸ் நுரைத்து மூச்சுத்துளையை அடைத்தால்
சூப்பு கூரையில்தான்.
ஏற்கெனவே ஓட்டையான கூரை.

மூடினேன். ஆவி வந்தது,
வரவேண்டிய வழியில் அல்ல.
விளிம்பு முழுக்கச் சீறல்.
கேஸ் போகிறதே என்று நான் வைதுகொண்டிருந்தபோது
கம்பிவலைக் கதவுக்கு அப்பால்
முழங்கால்வரை சேறோடு ஓவீட் நின்றான்.
என் தம்பி. ஐந்து வருடமாய்
பூசையில் அவன் இடது வரிசை, நான் வலது.
அப்பாவின் படகு எஞ்சினை
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்
லஃபயெட்காரன் ஒருவனுக்கு விற்றவன்.

"ரப்பர் வளையம்," என்றான்.
வணக்கம் இல்லை, நலமா இல்லை.
பிரெஞ்சில் சொன்னான்.
வீட்டு பாஷையில் அவன் குரலைக் கேட்டே
ஐந்து வருடம்.
அடுப்பை அணைத்து, சீறல் அடங்கும்வரை காத்து,
மூடியைக் கழற்றினான்.
வளையத்தை உருவி, அடிப்பக்கம் மேலாகத் திருப்பி
கட்டைவிரலால் கொழுப்பு தடவினான்.
படகில் அப்பா கிரீஸ் தடவுவாரே,
அதே சுழற்சி, அதே எச்சில் சப்தம்.
நான் வெங்காயத் தோலைப் பெருக்கினேன்.
பெருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இம்முறை பிடித்துக்கொண்டது.
விசிலடிக்கிற ஜாதியில்லை என் குக்கர்;
தலையில் குண்டு மட்டும் ஆடும்,
சக் சக் சக்,
பல் போன கிழவன் சிரிக்கிற மாதிரி.
ஊறாத பீன்ஸுக்கு முப்பத்தைந்து நிமிடம்.

"அந்த எஞ்சின்..." என்று தொடங்கினான்.
சக் சக் சக்.
"என்னது?" என்றேன், காதில் விழுந்தும்.
"ஒன்றுமில்லை.
உன் வாசனை சாலைவரைக்கும் வருகிறது."
"என் வாசனை இல்லை, தொத்திறைச்சியுடையது."
அவன் சிரித்தானா, இருமினானா தெரியவில்லை.
அவன் வீட்டில் தண்ணீர் ஜன்னல் உயரமாம்.
கோழிகளைக் குளியல்தொட்டியில் வைத்திருக்கிறானாம்.
இதையெல்லாம் அவன் என்னிடம் சொல்லவில்லை,
குக்கரிடம் சொன்னான்.

அணைத்த பிறகும் திறக்கவில்லை.
குண்டை நெம்பப் போனவன் கையில்
கரண்டியால் ஒன்று வைத்தேன்.
ஆறு வயதில் வாங்கிய அதே விரல்.

பிறகு ஒரு பிடி பீன்ஸைப் பாத்திரச் சுவரோடு மசித்துக்
குழம்பைக் கெட்டியாக்கினேன்.
கயென் மிளகாய்த்தூள், வெங்காயத்தாள்.
நடுவே ஒரு குவியல் சோறு.
ருசி பார்க்குமுன்னே காரச் சாறைக் கவிழ்த்தான்,
பாவி, சமைத்தவளை அவமதிக்கவென்றே பிறந்தவன்.
மூன்று கிண்ணம் தின்றான், நின்றபடியே.
நாற்காலி காலியாகத்தான் இருந்தது.
உட்கார் என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் வாசற்படியில்
ஒரு கேஸ் சிலிண்டர்.
ஆள் இல்லை. சேற்றில் பூட்ஸ் தடம் மட்டும்
வந்ததும் போனதுமாய்.
கரண்டியால் தட்டிப் பார்த்தேன்.
கணீரென்று இல்லை, மந்தமாக,
கழுத்துவரை நிறைந்த ஓசை.

எஞ்சின் காசில் என் பாதி அப்படியே நிற்கிறது.
சிலிண்டரை அதில் கழிக்கப்போவதில்லை.
ராத்திரிக்கு பீன்ஸ் ஊறப் போட்டிருக்கிறேன்,
அளவு கொஞ்சம் கூடிவிட்டது.