ஒரு மீற்றர் சதுரம்

சுற்றாடல் பாட ஆசிரியர்களுக்குச் சேவைக்காலப் பயிற்சி, இரண்டு நாள்.
கடிதத்தில் ‘கட்டாயம்’ என்ற சொல்லின் கீழ்
யாரோ நீலப் பேனையால் கோடிட்டிருந்தார்கள்.
மாங்குளத்தில் முதல் பஸ் பிடித்தேன்.
சாப்பாட்டுப் பெட்டி, குடை,
திருத்தி முடியாத தரம் ஒன்பதின் விடைத்தாள்கள்.

முதல் நாள் முழுக்கத் திரை.
கற்றற்பேறு, கணிப்பீடு, நிலைபேறான அபிவிருத்தி.
பதினொரு மணிக்கு மின்சாரம் போனது.
வளவாளர் அனோஜன் சளைக்கவில்லை,
மடிக்கணினியை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து
ஒரு பனிக்கரடியைக் காட்டினார்.
கழுத்து வியர்வையை லேஞ்சியால் ஒற்றியபடி
நாங்கள் அதற்காக இரங்கினோம்.

இரண்டாம் நாள் களம்.
குளக்கட்டுக்குப் பின்னால்
வீரையும் விளாத்தியும் திரும்பவும் தலையெடுக்கிற பற்றைக்காடு.
ஆளுக்கொரு சட்டம் தந்தார்,
நான்கு பிளாஸ்ரிக் குழாய், பக்கம் ஒரு மீற்றர்.
“கண்ணை மூடித் தோளுக்கு மேலால் எறியுங்கோ.
விழுந்த இடத்துக்குப் போய்
உள்ளே இருக்கிறதை எண்ணுங்கோ.
இதுதான் எழுமாற்று மாதிரி.”

ஒருவரும் எறியவில்லை.

முப்பத்தொரு ஆசிரியர்கள், முப்பத்தொரு சட்டங்கள்,
மாட்டுத்தடத்தை விட்டு ஒரு கால்கூட இறங்கவில்லை.

பேராதனையில் படித்த பிள்ளை, நல்ல பிள்ளை.
எங்களுக்கு விளங்கவில்லை என்று நினைத்து
தானே ஒன்றை எறிந்தார்.
அது ஈச்சம்பற்றைக்குள் போய் விழுந்தது.
அவர் அதை எடுத்துத் திரும்பி வரும்வரை
எங்களில் பாதிப்பேர் மூச்சு விடவில்லை.
வெடிபொருள் அகற்றிய நிலம்தான்.
சான்றிதழ்கூட இருக்கிறது,
பிரதேச செயலகச் சுவரில், கண்ணாடி போட்டு.
கால் சான்றிதழ் வாசிக்காது.

லோகராணிதான் முதலில் சிரித்தாள்.
ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் அவளுடையது.
நியமனம் கிடைக்கமுன்
ஐந்து வருடம் மிதிவெடி அகற்றினவள்.
சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்,
கண்ணை மூடினாள்,
தோளுக்கு மேலால் எறிந்தாள்.
தடம் இல்லாத இடத்தால் நடந்து போனாள்.
அவள் முழங்காலில் இருந்த விதத்தில் தெரிந்தது,
அந்தச் சதுரத்துக்கும் அவளுக்கும் பழைய பழக்கம்.

“எங்கட பாதையும் இதே ஒரு மீற்றர்தான்.
முதலில் கத்தரிக்கோலால் புல்லை வெட்ட வேணும்,
வேர் அசையக்கூடாது.
நாளுக்கு இருபது சதுரம் முடிந்தால் பெரிய காரியம்.
என்னத்தை வெட்டுறன் எண்டு பார்த்துத்தானே வெட்டினனான்?”

பிறகு எண்ணினாள்.
நாயுருவி நான்கு.
தொட்டாற்சுருங்கி பதினொன்று.
கோரையை எண்ண ஏலாது, காற்பங்கு எண்டு போடுங்கோ.
வீரைக்கன்று ஒன்று, இரண்டிலைப் பருவம்.
பாலை இல்லை, அது பிந்தித்தான் வரும், அதுக்கு அவசரமில்லை.
யானை இலத்தி, மூன்று நாள் பழசு,
அதுக்குள்ள ஒரு விளாம் விதை முளைவிடுது, பாருங்கோ.

வளவாளர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நாங்களும் எறிந்தோம்.
துணுக்காய் சேரின் சட்டம்
மரக்கொப்பில் கொழுவிக்கொண்டது,
அரை மணித்தியாலம் அதற்கே போனது.
என் சதுரத்துக்குள் ஒன்பது இனம், ஒரு சோடா மூடி,
ஒரு சின்னச் செருப்பின் வார்.
படிவத்தில் ‘ஏனையவை’ என்று ஒரு நிரல் இருந்தது.
எழுதினேன்.

பயிற்சிச் சான்றிதழ் இன்னும் வந்து சேரவில்லை.

திங்கட்கிழமை, மூன்றாம் பாடம்.
குழாய் வாங்கக் காசில்லை,
பூவரசந் தடி நான்கை வெட்டி, சைக்கிள் ரியூபால் கட்டி
தரம் ஒன்பதை மைதானத்துக்கு அப்பால் கூட்டிப் போனேன்.
“கண்ணை மூடி...” என்றுதான் தொடங்கினேன்.
வசனம் முடியமுன் எறிந்துவிட்டார்கள்.
எறிந்த பக்கத்துக்கு
எல்லாரும் ஒன்றாக ஓடினார்கள்,
ஒருவர் தடத்தில் ஒருவர் கால் வைக்காமல்.

அவர்கள் செடிகளை எண்ணினார்கள்.
நான் நின்ற இடத்தில் நின்று
கால்களை எண்ணினேன்.
இருபத்தேழு பிள்ளைகள். ஐம்பத்து நான்கு.
சரியாக இருந்தது.
இன்னொருமுறையும் எண்ணினேன்.