முதல் தண்ணீர்

நாற்பது சட்டை திரும்பி வந்தது
எம்.சி. ரோட்டு மாடிக்கு.
ஒரே ஒரு சலவைதான்.
பாக்கெட்டுக்கு மேல் ‘மாதவரம் டிப்போ’
ஊதி ஒதுக்கிய பாலாடையாய்ச் சுருங்கிக் கிடந்தது.

நூல் கடைக்காரனைத் திட்டினேன்,
மெஷினை, மின்சாரத்தை, திங்கட்கிழமையை.
தில்ஷாத் சட்டையை உட்புறம் திருப்பி
மேஜையில் போட்டாள்.
“மேளம் மாதிரி இழுத்து ஃப்ரேம்ல பூட்டச் சொன்னது யாரு?
கழட்டுனா துணி தன் அளவுக்குத் திரும்பிடும்.
தண்ணி பட்டா இன்னும் உள்ள போகும்.
பாலியெஸ்டர் நூல் எங்க போகும் சார்?”

யாரு என்று எனக்குத் தெரியும்.

லாரித் தண்ணீர் வந்த ராத்திரி
புதுச் சட்டைகளை டிரம்மில் முக்கினோம்,
சுருங்குவது முன்பே சுருங்கட்டுமென்று.
காய்ந்தபின் அடியில் ஒட்டுத்தாள் இரண்டு வைத்தாள்,
டிசைனில் தையல் நெருக்கத்தைக் குறைத்தாள்,
துணியை இழுக்காமல்
சும்மா படுக்கவைத்துப் பூட்டினாள்.
ஒன்றை மூன்று முறை துவைத்துப் பார்த்தேன்.
எழுத்து அசையவில்லை,
நிழலில் நீட்டிப் படுத்த நாய்போல.

பழைய நாற்பதும் எனக்கே.
இன்றைக்கு அதில் ஒன்று.
மிண்ட் ஸ்டாப்பில் ஒருவர்
என் நெஞ்சைக் கண்ணிடுக்கிப் படித்துவிட்டுக் கேட்கிறார்:
“மாதவரம் வண்டி எப்ப எடுப்பீங்க?”