பதினேழாம் கட்டம்

வால்திவியாவில் மழைதான்
முதல் நாளே வந்து இடம் பிடிக்கும் மாணவன்.
மார்ச் மூன்றாம் வாரம், ஈரத் தொப்பியோடு போய்
ஓசியெலின் மேசையில் கையெழுத்திட்டு வாங்கினேன்:
நாற்பது கட்டங்கள் கொண்ட
பிரெய்ல் கருவி.
பழசு. தோளில் மாட்டினால்
செங்கல் ஒன்று கூடவே நடக்கும்.
"தொலைத்தால் உன் பட்டத்தை விற்றாலும் ஈடாகாது"
என்று சிரித்தார்.
விலை எனக்குத் தெரியும்;
கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

கணினிக் குரல் இருக்கிறதே என்பார்கள்.
இருக்கிறது.
அது ஓடும் வேகத்தில் அறைத்தோழி மில்லாராய்க்குக் கேட்பது
தகரத்தில் கொட்டிய பட்டாணி.
எனக்கு அது வாக்கியம்.
ஆனால் வரைபடம் வந்தால் "படம்" என்னும்,
அடுத்ததற்கும் "படம்".
நீரியல் நான்காம் பாடம்
படம் படம் படம் என்றே முடிந்தது.
எனவே எண்களைத் தொட்டுத்தான் நம்புவேன்.

நம்பினேன்.
கால்யே-கால்யே ஆற்றின் ஓட்டத்தை
மணிக்கு மணி அளந்த அட்டவணை.
கூட்டிக் கொடுத்தேன்.
பேராசிரியர் ஷூலர் தாளைத் திருப்பித் தந்தார்:
"உன் கணக்குப்படி
மீன்சந்தை நேற்றே மூழ்கியிருக்க வேண்டும்."

அன்றிரவு கருவியைக் கவிழ்த்துத் துடைக்கையில்
ரப்பர் காலுக்குப் பக்கத்தில்
பிளாஸ்டிக் நாடா ஒன்று விரலில் இடறியது.
*பதினேழு பொய் சொல்லும். ஆறாம் புள்ளி எழாது. நிவால்டோ.*
அதன் கீழே, அவசர அழுத்தத்தில், வேறொருவர்:
*ஓசியெலிடம் சொல்லாதே.
பழுதுபார்க்கப் போனால் ஐந்து மாதம் வராது.*

மூன்றும் ஆறும் சேர்ந்தெழுந்தால் கழித்தல் குறி.
ஆறு செத்தால்
மிச்சம் ஒற்றை மூன்று, அதாவது முற்றுப்புள்ளி.
அட்டவணையில் குறி விழுந்த இடம்
வரிக்கு வரி அதே பதினேழு.

கடல் ஏறும்போது இந்த ஆறு
வந்த வழியே திரும்பி நடக்கும்.
சந்தைப் படிக்கட்டில் குரைக்கும் கடற்சிங்கங்களுக்குக்கூடத்
தெரிந்த செய்தி.
என் விரலடியில் மட்டும்
அது நின்று, மூச்சு வாங்கி,
மறுபடி முன்னோக்கியே போயிருக்கிறது,
பகலுக்கொரு முறை, இரவுக்கொரு முறை.

வரியை ஒரு கட்டம் தள்ளினேன்.
பதினெட்டில் எழுந்தன இரண்டு புள்ளிகள்,
பக்கத்தில் பக்கம்,
அரிசிமணி அளவு.
ஆறு திரும்பியது.
மில்லாராயை எழுப்பிச் சொன்னேன்.
"மணி இரண்டு" என்றாள்.

டிசம்பரில் திருப்பிக் கொடுத்தேன்.
"பழுது ஏதாவது?"
"இல்லை."
ஓசியெல் கருவியைக் கையிலேந்தி
அடியில் கட்டைவிரலை ஓட்டினார்.
"இதென்ன சொரசொரவென்று?"
"பழைய விலைச்சீட்டாக இருக்கும்" என்றேன்.
மூன்றாவதாக நான் ஒட்டியது
இன்னும் சரியாக உலரவில்லை:
*இருபத்தொன்பதும் இப்போது தயங்குகிறது.*