யூரியா என்று முடியும் சொற்கள்

மேசை இழுப்பறையின் உள்பக்கம்
ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன்.
டாக்டர் பர்ரந்தேஸ் சொல்லச் சொல்ல
பிழையோடு எழுதிக்கொண்டது.
டிஸ்யூரியா: எரிச்சலோடு போவது.
நாக்டூரியா: இரவில் எழுந்தெழுந்து போவது.
ஹெமச்சூரியா: ரத்தத்தோடு.
ஒலிகூரியா: கொஞ்சமாக.
கடைசியில் அனூரியா.
அந்த வரிக்கு வரும்போது பேனாவில் மை தீர்ந்து
வெறும் கீறல்தான் விழுந்திருக்கிறது.

முதல் நாள் சிரித்துவிட்டேன்.
எங்களுக்கு யூரியா என்றால் வயலுக்குப் போடுவது.
ஐம்பது கிலோ மூட்டை, வெள்ளை மணிகள்,
கரும்பின் காலடியில் வீசிக்கொண்டே நடப்பார்கள்.
டாக்டர் சிரிக்கவில்லை.

வெட்ட வருகிறவர்களுக்கு இந்தத் தாள் வேண்டாம்.
அவர்களிடம் ஒரே சொல் இருக்கிறது:
சிஸ்தாதா.
கரும்பைக் கொளுத்திய மறுநாள்,
சாம்பல் இன்னும் சூடாக இருக்கும் வரிசையில்
குனிந்து குனிந்து வெட்டி,
மதியத்துக்குள் தண்ணீர்க் குடுவை காலியாகி,
வரப்போரம் நிற்கும்போது
பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற சொல்.
அதைத்தான் டிஸ்யூரியா என்று தட்டுகிறேன்.
திரையில் பார்த்தால்
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கிறது.

நோய்க்கு இங்கே ஒரு பெயர்தான்.
அவனுக்குக் கிரியேட்டினின் இருக்கிறது, என்பார்கள்.
அது எல்லோர் ரத்தத்திலும் இருப்பதம்மா,
அளவுதான் கணக்கு, என்று டாக்டர் சலித்துக்கொள்வார்.
கடனும் எல்லோருக்கும் இருக்கிறது டாக்டர்,
என்று சொல்ல வாய்வரை வந்தது.

நவம்பர். அறுவடைக்கு ஆள் எடுக்கும் வாரம்.
ரத்தம் கொடுத்து, எண் சரியாக இருந்தால்
மச்சேத்தே, தொப்பி, கால்கவசம்.
இல்லையென்றால் வந்த பஸ்ஸிலேயே திரும்பலாம்.
வரிசையில் பதினேழாவது ஆள் எலிசேயோ.
என் தங்கையின் கணவன்.
நீட்டிய அட்டையில் ரொசெண்டோ என்று இருந்தது:
கோஸ்டா ரிக்காவில் கூரை வேயப் போய்விட்ட
அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன்.
மீசை மட்டும் ஒத்துப்போனது.

என்ன தொந்தரவு? கேட்டேன்.
ஒன்றுமில்லை.
இரவில் எழுவதுண்டா?
கல் மாதிரித் தூங்குவேன், சென்யோரா.

சென்யோரா!
எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர்.
அவர்கள் கொல்லைக் கதவு தகரம்,
கீலுக்கு எண்ணெய் விட்டதே இல்லை.
பத்தரை, பன்னிரண்டு, இரண்டு, நாலேகால்.
அவன் தூக்கம் எனக்கு மனப்பாடம்.

நாக்டூரியா, என்று தட்டினேன்.
எட்டிப் பார்த்து, அது என்ன என்றான்.
கல் மாதிரித் தூங்குவதற்கு டாக்டர்கள் சொல்வது,
என்றேன்.
தலையாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு
ஊசிக்குப் போனான்.

நரம்புக்கு அட்டை தெரியாது.
இரண்டு புள்ளி ஏழு.
ரொசெண்டோ, வயது முப்பத்தொன்று, தகுதியில்லை.
அங்கே, லைபீரியா நகரத்துக் கூரையொன்றின் மேல்
நல்ல திடமாக நின்றுகொண்டிருந்த ஒருவனுக்கு
சிறுநீரகம் கெட்டுப்போனது,
என் இரண்டு விரல்களால்.
ஈஸ்டருக்கு ஊர் வந்தவன் ஆலையில் வேலை கேட்டுப் போய்
திகைத்துப்போய் என்னிடம் வந்தான்.
நான் பார்த்துச் சொல்கிறேன், என்றேன்.
இன்னும் பார்க்கவில்லை.

எலிசேயோ என்னோடு பேசுவதில்லை.
தங்கைதான் வந்து காபித்தூள் கடன் கேட்பாள்.
கால் வீங்கியிருக்கிறதாம், செருப்பு நுழையவில்லையாம்.
லியோனுக்குக் கூட்டிப்போ, என்கிறேன்.
அடுத்த சனிக்கிழமை, என்கிறாள்.
போன சனிக்கிழமையும் அதையேதான் சொன்னாள்.

பங்குனி வெயில் இரவிலும் இறங்கவில்லை.
எரிமலைப் பக்கமிருந்து கந்தக வாடை.
நேற்று முந்தாநாள் கதவு ஒருமுறைதான் கிறீச்சிட்டது.
நேற்று இரவு
பத்தரைக்கு இல்லை.
பன்னிரண்டுக்கு இல்லை.
இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து
சுவரில் காதை வைத்தேன்.
அவன் விழித்துத்தான் இருந்தான், மூச்சு கேட்டது.
நாலேகாலுக்குச் சேவல் கூவியது.

செருப்பைக்கூடப் போடாமல் போய்
அவர்கள் கதவைத் தட்டினேன்.