ஐந்தாம் நாற்காலி

கோடுகளைப் பார்ப்பதுதான் வேலை என்றார்கள்.
ஓர் அட்டையில் ஒரு கோடு,
இன்னொன்றில் மூன்று.
எது எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும்,
தப்பாக.

தையல் ஆலை மூடிப் பதினோராம் மாதம்.
டர்பன் மேட்டில் பல்கலைக்கழகம்,
ஜன்னலுக்குள் துறைமுகத்துக் கிரேன்கள்.
ஏழு நாற்காலி.
ஆறில் நாங்கள், கூலிக்குப் பொய் சொல்கிறவர்கள்.
ஏழாவதில் வந்து உட்காரும் பிள்ளைக்கு மட்டும்
இது கண்பார்வைச் சோதனை.

எனக்கு ஐந்தாவது.
இருபத்திரண்டு வருஷம் சட்டைக் காலருக்கு
டேப் பிடித்தவள் நான்.
அரை நூல் பிசகினாலும் விரல் சொல்லிவிடும்.
அந்த விரலை மடியில் மடக்கிக்கொண்டு
"இரண்டு" என்றேன்.
எனக்கு முன்னால் நான்கு பேரும் இரண்டு.
பின்னால் ரத்னவேலு, ஓய்வுபெற்ற தபால்காரர்,
யாருக்கோ வந்த தந்தியை வாசிப்பதுபோல்: இரண்டு.

தாண்டேகா என்று பேர் அந்தப் பெண்ணுக்கு.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டாள்.
கோடு மாறவில்லை.
எங்கள் முகங்களைப் பார்த்தாள்.
அவையும் மாறவில்லை.
"இரண்டு" என்றாள்,
கைமாற்றுக் கேட்கிறவள் குரலில்.

பிறகு உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.
தேநீர், பிஸ்கட், சிரிப்பு.
"என் கண்மேல்தான் சந்தேகம் வந்தது" என்றாள்.
ஆய்வாளர் அதை எழுதி அடிக்கோடிட்டார்.
எவ்வளவு நீளம் என்று
என் விரல் அளந்துகொண்டிருந்தது.

உறையில் இருநூறு ரேண்ட். கையெழுத்துப் போட்டேன்.

வார்விக்கில் சாட்ஸ்வர்த் டாக்ஸி.
பதினைந்து பேர். கடைசி வரிசைக் காசு
கை மாறிக் கை மாறி முன்னே போகும்,
மீதிச் சில்லறை வந்த வழியே திரும்பும்.
யாரும் யாரையும் நம்புவதாகச் சொன்னதில்லை.
அது நம்பிக்கையா வெறும் பழக்கமா என்று
மேட்டின்மேல் யாராவது
இந்நேரம் கேள்வித்தாள் அச்சடித்திருப்பார்கள்.

ஹிக்கின்சன் சாலை ஏறுமுன் பெக்கி ஓரங்கட்டினான்.
"இருபது ரேண்ட் குறையுது."
எஞ்சினை அணைத்தான்.
காசு எண்ணியவள் திரும்பினாள்.
அவள் பார்வை போன தடத்திலேயே
எல்லாப் பார்வையும் போயிற்று:
என் பின்னால் மலாவிக்காரர்,
மடியில் சணல் பை, அதில் ரம்பம்.
"அவன்தான்."
"அவனாத்தான் இருக்கும்."
"இந்த ஆளுங்களே இப்படித்தான்."
கடைசியாகச் சொன்னவர் நம்மவர்.
நெற்றியில் காலைத் திருநீறு இன்னும் உதிரவில்லை.

என் கைவழியேதான் போனது அவர் தாள்.
ஓரம் கிழிந்து, பசைநாடா ஒட்டிய இருபது.
விரலில் இன்னும் பிசுக்கு.

என் முறை வந்தது.
எனக்கு முன்னால் நான்கு பேர் சொல்லியாயிற்று.
(இல்லை, மூன்று பேர்.
நான்கென்று எண்ணினால் தேவலை போலிருந்தது.)
ஆய்வாளர் சொன்னது நினைவு வந்தது:
யாராவது ஒருத்தர்
உள்ளதைச் சொல்லிவிட்டால் போதும்,
ஏழாவது ஆளுக்குக் கண் திரும்பிவிடும்.
ஒரே ஒருத்தர்.

நான் உறையைப் பிரித்தேன்.
"விடுங்கப்பா, அவருக்கு நான் தர்றேன்."

டாக்ஸி முழுக்க மூச்சு விட்டது.
"நல்ல மனசு ஆன்ட்டி" என்றார் திருநீற்றுக்காரர்.
பெக்கி சாவியைத் திருப்பினான்.
வாழைமரங்கள் மறுபடி பின்னே ஓடத் தொடங்கின.
நன்றி வரும் என்று
முகத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

தோளருகே குரல். எனக்கு மட்டும் கேட்கும்படி:
"கொடுத்தேனே. உன் கையில்தான்."
பிறகு ஒரு கை நீண்டு
என் முழங்காலில் இருபது ரேண்ட் வைத்தது.

"பாத்தீங்களா," என்றாள் எண்ணியவள்,
"வச்சுக்கிட்டே இருந்திருக்கான்."

காலையில் ஒரு சொல்லுக்குக் கூலி வாங்கினேன்.
இப்போது அந்தச் சொல்லைக்கூட உச்சரிக்கவில்லை.
எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

அந்தத் தாளை
முன்னால் அனுப்புவதா பின்னால் அனுப்புவதா என்று
யூனிட் ஏழு வரும்வரை
கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.
அவர் அதற்கு முன்பே
எங்கோ இறங்கிவிட்டிருந்தார்.