வாங்கி

விடிய நாலரைக்கு, தேத்தண்ணிக்கு முன்,
வெறுவயிற்றில் ஒரு தைரொட்சின் குளிசை.
பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம்
கழுத்துச் சுரப்பி சோர்ந்துவிட்டது என்றார் கிளிநொச்சி டொக்டர்.
"உடனே ஒண்டும் தெரியாது. ஆறு கிழமை பொறுங்கோ."
அது அவசரப்படாத ஆள்.
கதவு தட்டாமல் கலத்துக்குள் நடந்துபோகும்.
கருவுக்குள், ஏட்டின்மேல் கைவைத்தபடி
அதற்கென்றே காத்திருக்கும் ஒரு வாங்கி.
இருவருமாக ஒரு வரியை வாசிக்கத் தொடங்குவார்கள்,
மெதுவாக, எழுத்துக் கூட்டி.

ஆறரைக்கு அம்பகாமம்.
தலை சிவந்த குச்சிகளுக்கு நடுவே
ஒரு மீற்றர் அகல ஒழுங்கை என்னுடையது.

கருவிக்கு ஆள் பேதம் தெரியாது.
ஆணிக்கும் கத்தும், சன்னக் கோதுக்கும் கத்தும்,
மீன் ரின் மூடிக்கும் அதே குரல்.
போன மாதம் நூற்றுப் பதினாலு தடவை.
இரண்டுதான் மிதிவெடி.
உயர்தரத்தில் இரண்டாம் முறையும் நான் கோட்டைவிட்ட பாடத்தில்
வாங்கி கலத்தின் வாசலிலும் நிற்கும்.
இரத்தத்தில் ஆயிரம் பேர் உரசிப் போவார்கள்,
தன் ஆள் வந்தால் மட்டும் உடம்பை வளைக்கும்.
அப்படி ஒரு கருவியை
யாராவது செய்து தந்தால் புண்ணியம்.

பத்து மணிக்குக் கத்தியது.
நான் முழங்காலிட முன்னமே
சிறுநீரகத்தின் உச்சியிலிருந்து அதிரினலின் புறப்பட்டுவிட்டது.
இது உள்ளே வராது.
வெளியே நின்று ஒரு தட்டு.
உள்ளே இருப்பவன் பக்கத்தில் படுத்தவனை எழுப்ப,
அவன் நூறு பேரை எழுப்ப,
இதயம் அதை "ஓடு" என்று எடுத்துக்கொள்ளும்.
அதே தட்டைக் குடல் "நில்" என்று எடுக்கும்.
வாய் காயும்.
விரல்களுக்கு மட்டும் நானே சொல்லவேண்டும்:
மெல்ல.

பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டினேன்.
இருபத்திரண்டு நிமிடம்.

ஒரு கரண்டி.
பிடியில் பூப்போட்ட எவர்சில்வர்க் கரண்டி.
யாரோ பாதிச் சோற்றில் எழும்பியிருக்கிறார்கள்.

"இனிச் சட்டிதான் குறை" என்றாள்
அடுத்த ஒழுங்கையில் நிரஞ்சலா.
சிரித்தோம். நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கியது.

அப்போதுதான் பாலைமரப் பக்கம்
கட்டாக்காலி ஆட்டுக்குட்டி ஒன்று கத்தியது.
கவச அங்கிக்குள் இரண்டு மார்பும் கூசி
பால் கசிந்தது.
என் பிள்ளை மாங்குளத்தில், மச்சாளின் மடியில்.
கத்தியது ஆடு என்று காதுக்குத் தெரியும்.
மூளையின் அடியிலிருந்து கிளம்பிய ஒட்சிரோசினுக்கு
அதைச் சொல்ல யாருமில்லை.
அது வந்தது, பொருந்தியது,
பால்மடியைச் சுற்றிய தசை இறுகியது.
அதிரினலின் போகும்வரை
வாசலில் பொறுத்து நின்றிருக்கவேண்டும், பாவம்.

இவ்வளவு நேரமும் நான் திட்டியது
கருவியை.

பதினொரு மணிக்குப் படிவம் நிரப்பினேன்.
சமிக்ஞை: ஒன்று.
பொருள்: கரண்டி.
மற்றதற்குக் கட்டம் இல்லை.