பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை

வியாழன் மாலை ஐந்தே காலுக்கு
வர்கீஸ் அச்சாயன் போன் செய்தார்.
சம்பள மென்பொருள் மறுபடியும் உறைந்துவிட்டது.
சேவ் அழுத்தினால் நீல வளையம்
சுற்றுகிறது, சுற்றுகிறது, பிறகு வெள்ளைத் திரை.
ஒன்பது மணிக்குள் வங்கிக்குக் கோப்பு போயாக வேண்டும்.

ஜுபைல் முழுக்கப் புழுதி.
எதிர் ஆலையின் தீக்கொழுந்து மட்டும்
அழுக்கு ஆரஞ்சாய் அந்தரத்தில்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன்.
அணைத்தேன். முப்பது எண்ணினேன். போட்டேன்.
பலன் எதிர்பார்த்து அல்ல,
எந்திரத்துக்குச் செய்யும் ஒரு மரியாதை.

பிறகு பின்னணியில் ஓடுபவற்றைப் பார்த்தேன்.
நூற்று நாற்பத்தேழு.
திரையில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திராத நேரத்தில்
நூற்று நாற்பத்தேழு.

பாதியை நிறுத்து.
அப்போதும் உறைந்தால் குற்றவாளி மீதியில்.
அதில் பாதி, அந்தப் பாதியில் பாதி.
எப்போதும் உறைவதில்லை, கால்மணிக்கு ஒரு தரம்தான்
என்பதால் ஒவ்வொரு கூறுக்கும் கால்மணி
சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.
வைரஸ் காவலன் இல்லை.
பிரிண்டர் வரிசை இல்லை.
தொழுகை நேரம் சொல்லும் சிறு நிரல்,
ஏதோ ஒரு முதீர் காலத்தில் வைத்தது,
மஃரிபுக்கு அழைத்துவிட்டுத் தானே அடங்கிற்று.

ஏழு நாற்பதுக்கு நான்கு மிஞ்சின.
எட்டுக்கு ஒன்று.

ஏவி-இரண்டு என்று பெயர்.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து
வருகைப் பதிவைத் திறந்து, பூட்டி,
நகல் எடுத்து, மூடிவிட்டுத் தூங்குகிறது.
பூட்டியிருக்கும்போது சம்பளம் வந்து தட்டினால்
தட்டிக்கொண்டே நிற்கும்.
ஆரம்பத்தில் மூன்று நொடிப் பூட்டு.
கோப்பு பெருத்துப் பெருத்து இப்போது நாற்பது.

ஏவி. அருள்வளன்.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவன்.
இழுப்பறையில் அவன் விட்டுப்போன
விக்ஸ் டப்பா இன்னும் இருக்கிறது.
எக்சிட் அடித்து அனுப்பினார்கள் என்பார்கள்.
ஏன் என்று கேட்டால் டீ ஆறிவிடும்.

நகல்கள் எல்லாம்
'பழைய டிரைவர்கள்' என்ற ஃபோல்டரில்.
எவனும் திறக்காத பெயர்.
திறந்தேன்.

தில் பகதூர்
காலை ஐந்து ஐம்பதுக்கு விரல் வைத்து
மாலை ஏழு பத்துக்கு விரல் வைத்திருக்கிறார்.
சம்பளக் கோப்பில் அதே நாளுக்கு எட்டு மணி நேரம்.
மொஃபிசுலின் ரேகை சிமெண்டில் தேய்ந்தது.
எந்திரம் மூன்று முறை மறுத்து நான்காவதில் ஏற்றது;
மூன்று மறுப்பும் நகலில் பத்திரமாக.
சம்பளத்தில் அன்று அவருக்கு விடுப்பு.
ஆகஸ்டில் மட்டும் முந்நூற்றுப் பதினோரு பேர்.
கூட்டத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

கரக் டீயோடு அச்சாயன் பின்னால் வந்து நின்றார்.
"கிடைச்சுதா?"
"கிடைச்சது."
திரையைப் பார்த்தாரா தெரியாது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம் துடைத்தார்.
"அதைக் கொன்னுடு" என்று நடந்தவர்
கதவருகே நின்று
"இல்ல, மோதாம இருந்தா போதும்" என்றார்.

'முடி' என்ற சொல்லின் மேல் அம்பு நின்றது.
எனக்கும் நவம்பரில் இகாமா முடிகிறது.

நேர அட்டவணையைத் திறந்தேன்.
பதினைந்து நிமிடத்தை அழித்து
இரவு மூன்று இருபது என்று வைத்தேன்.
பகலில் யாரும் கை வைக்குமுன்
நாளுக்கு ஒரு நகல் போதும்.

எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கோப்பு வங்கிக்குப் போனது,
குறைத்த மணிகளோடுதான்.
அனுப்பும் பொத்தானை நான்தான் அழுத்தினேன்.

புகார்ப் படிவத்தில் எழுதினேன்:
காரணம், பின்னணி நிரலுடன் மோதல்.
செய்தது, நேரம் மாற்றம்.
'மீண்டும் நிகழுமா' என்ற கட்டத்தில்
ஒன்றும் எழுதவில்லை.

அன்றிரவு விழிப்பு வந்தபோது மூன்று இருபத்தொன்று.
ஏசி உறுமிக்கொண்டிருந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம், நாலேகால் பஸ்ஸுக்கு,
வாளிகள் வரிசையில் நகரத் தொடங்கியிருந்தன.